இசையமைத்தவர் பெயர் தெரியவில்லை

என் வாழ்க்கையில் எனக்குத் தோன்றிய ஒரே பெரிய யோசனை, கழிவறை வரிசையில் நின்றபோது தோன்றியது.

மயிலாப்பூரில் குளத்துக்கு அடுத்த தெருவில் ஒரு பாத்திரக் கடை. அதன் மாடியில் சின்ன அரங்கம். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு மாலை அங்கே ‘பழைய பாட்டு நண்பர்கள் வட்டம்’ கூடும். இடைவேளையில் எல்லோருக்கும் பேப்பர் கப்பில் சூடாகப் பாதாம் பால் கொடுப்பார்கள். வந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. கழிவறை ஒன்றே ஒன்று. வரிசை படிக்கட்டில் இறங்கி, கீழே குத்துவிளக்கு அடுக்கி வைத்திருக்கும் இடம் வரை போகும்.

எனக்கு இரண்டு பேர் தள்ளி ராமசேஷன் மாமா. வட்டத்தின் செயலாளர். பாட்டின் முதல் இரண்டு சொல்லைச் சொன்னால் போதும். படம், ஆண்டு, ராகம், அது எந்தத் தியேட்டரில் எத்தனை வாரம் ஓடியது, அவர் எத்தனையாவது வாரம் போனார், எல்லாம் சொல்வார். அவர் முன்னால் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:

“இப்ப இருக்கற பசங்களுக்குப் பாட்டு எழுதவே தெரியலை ஓய். எழுதினவன் போய்ச் சேந்திருந்தாத்தான் அது பாட்டு.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்குப் பளிச்சென்றது. அப்படியென்றால் நான் செத்தால் போதும்!

அடுத்துப் பாட வேண்டியவன் நான். கையில் இருந்தது, இரண்டு மாதம் உட்கார்ந்து நானும் என் தோழி நஸ்ரினும் செய்த புத்தம் புதுப் பாட்டு. அதைப் பழையதாக்க என்ன வேண்டும்? ஒரு படத்தின் பெயர். காலமான ஒரு கவிஞர். வரிசை நகர்ந்து என் முறை வருவதற்குள் இரண்டும் தயாராகிவிட்டன.

சென்ற வாரம், என் பாட்டுகளை நான்கு இசையமைப்பாளர்கள் வேண்டாமென்று சொன்ன கதையை எழுதியிருந்தேன். மந்தைவெளி வாசகர் ஒருவர், “ஐந்தாவதாக என்னையும் சேர்த்துக்கொள்ளவும்” என்று கடிதம் போட்டிருக்கிறார். சேர்த்துக்கொண்டேன் ஐயா. இந்த வாரம் படித்தால் என்னைத் திட்டுவதற்கு உங்களுக்கு இன்னும் நல்ல காரணம் கிடைக்கும்.

கல்யாணம் ஆன ஆண்டு

வட்டத்துக்குச் சட்டதிட்டம் உண்டு. ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப் பிறகு வந்த பாட்டுக்கு அங்கே அனுமதி இல்லை. அது எந்த ஆண்டு என்பதில்தான் சண்டை. விசாரித்துப் பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் அது அவரவர் கல்யாணம் ஆன ஆண்டு. அதோடு தமிழிசையின் பொற்காலம் முடிந்துவிட்டது என்கிறார்கள். வீட்டில் மாமிகளுக்கு இது தெரியுமா என்பது எனக்குத் தெரியாது.

இன்னொரு விதி, பாடுவதற்கு முன் அறிவிக்க வேண்டும். படம், இசை, பாடலாசிரியர், பாடியவர், ஆண்டு. இந்த ஐந்தையும் மைக்கில் சொல்லாமல் பல்லவியைத் தொடக்கூடாது. ஒன்று தப்பினாலும் முன்வரிசையிலிருந்து மாமாவின் கை உயரும். கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம், கோத்திரம் சொல்வது போல. கோத்திரம் இல்லாத பாட்டு அங்கே பாட்டே இல்லை.

இப்படிப்பட்ட இடத்துக்கு, பெருங்குடியில் கணினி நிறுவனத்தில் வாடிக்கையாளர் திட்டுவதைக் கேட்டுக்கொள்ளும் வேலை பார்க்கும் அபிராமபுரத்துப் பையன் ஏன் போனான்? நியாயமான கேள்வி. பாடலாசிரியர் ஆவதற்கு முதல் படி பொறியியல் படிப்பது, அதை முடித்துவிட்டேன். இரண்டாவது படி, யாராவது காது கொடுத்துக் கேட்பது. என் வயது ஆட்கள் பதினைந்து நொடிக்கு மேல் எதையும் கேட்பதில்லை. எங்கள் பாட்டு நாலரை நிமிடம். நாலரை நிமிடம் அசையாமல் உட்கார்ந்து கேட்கும் கூட்டம் சென்னையில் அங்கேதான் இருந்தது. எழுந்திருக்க முழங்கால் ஒத்துழைக்காததும் ஒரு காரணம்.

நஸ்ரின் போனதற்குக் காரணம் வேறு. அவள் தேனாம்பேட்டையில் விளம்பரப் பாட்டு செய்யும் ஒரு சின்ன ஸ்டூடியோவில் வேலை பார்க்கிறாள். ஊறுகாய்க்கு எட்டு நொடி, தலைக்கு வைக்கும் எண்ணெய்க்குப் பன்னிரண்டு நொடி, வீட்டுமனைக்கு இருபது நொடி. அவள் அத்தாவுக்குப் பாண்டி பஜாரில் பைக் கடை. கைப்பை, பள்ளிக்கூடப் பை. “என் மகள் போட்ட பாட்டு” என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் அந்த ஊறுகாய் விளம்பரத்தைக் காட்டுவார். நஸ்ரினுக்கு அதைக் கேட்டால் கோபம் வரும். எட்டு நொடியைப் பாட்டென்று அவள் ஒத்துக்கொள்வதில்லை. ஞாயிறுகளில் வட்டத்துக்குக் கீபோர்டு வாசித்தாள், முழுப் பாட்டு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று விரலால் தெரிந்துகொள்ள.

அவளுக்குப் பக்கத்தில் பாங்கோஸ் வாசிப்பவர் தணிகாசலம். ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் வாசித்தவர். இரண்டு சின்ன மேளங்களை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டே வாசிப்பார். ஒரு அடி பிசகாது.

சரணம் இளைத்த கதை

எங்கள் பாட்டைப் பற்றிச் சொல்வதற்கு முன் இங்கே கொஞ்சம் சுற்றி வருகிறேன். அவசரம் இருப்பவர்கள் அடுத்த துணைத்தலைப்புக்குத் தாவிவிடலாம். என் தலைமுறைக்காரர்கள் ஏற்கெனவே தாவியிருப்பார்கள்.

ஒரு காலத்தில் கதாநாயகன் தண்ணீர் கேட்கவே ஒரு பாட்டு பாடினான். பிறகு படத்துக்குப் பத்துப் பாட்டு, பாட்டுக்கு மூன்று சரணம் என்று ஆனது. மூன்றாவது சரணத்தில்தான் கவிஞர் தத்துவம் பேசுவார். பிறகு இரண்டு சரணம். தத்துவத்துக்கு இடமில்லை, காதலுக்கு மட்டும் இருந்தது. பிறகு ஒன்று. இப்போது பல்லவியும் இல்லை. ஒரே வரி, அதையே பதினோரு தடவை. அதில் எந்தத் தடவை ஆட வேண்டும் என்பதை மக்கள் முடிவு செய்கிறார்கள்.

எழுதும் முறையும் இளைத்துவிட்டது. அந்த நாளில் இசையமைப்பாளர் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு “தன்னன தானன” என்று பாடுவார். கவிஞர் அந்தத் தானனாவுக்குள் சொல்லைப் பொருத்துவார். இப்போது வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வருகிறது. தானனாவுக்குப் பதில் அரைகுறை ஆங்கிலத்தில் ஏதோ உளறியிருப்பார்கள். நான் ராத்தூக்கம் கெட்டு உளறலுக்குப் பதிலாகத் தமிழ் எழுதி அனுப்புவேன். பதில் வரும்: “ப்ரோ, டைரக்டருக்கு அந்த உளறலே புடிச்சிருச்சு.” நான்கு பேர் என்னை வேண்டாமென்றார்கள் என்றேனே, அதில் இரண்டு பேர் உளறலிடம் என்னைத் தோற்கடித்தவர்கள்.

ஆனால் வட்டத்தில் உட்கார்ந்து கேட்கக் கேட்க எனக்கு ஒன்று உறைத்தது. மாமாக்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டும் அந்தப் பாட்டுகளை எழுதியபோது எழுதியவர்களுக்கு என்ன வயது? இருபத்தைந்து, முப்பது. தி. நகர் மேன்ஷனில் நாலு பேர் சேர்ந்து அறை எடுத்து, துவைத்த ஒரே சட்டையை மாறி மாறிப் போட்டுக்கொண்டு வாய்ப்புக் கேட்டு அலைந்த பையன்கள். மெட்டுப் போட்டவர்கள் வெளிநாட்டு ரிக்கார்டு கேட்டு, பாங்கோஸையும் டிரம்பெட்டையும் கொண்டுவந்து கர்நாடக ராகத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்தவர்கள். அன்றைக்கும் ஒரு மாமா முன்வரிசையில் இருந்திருப்பார். “இதெல்லாம் ஒரு பாட்டா ஓய்?” என்று கேட்டிருப்பார். எந்தப் பாட்டும் பிறக்கும்போதே பழைய பாட்டாகப் பிறப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்தவன் என்ன செய்திருக்க வேண்டும்? மேடையேறி, “இது எங்கள் பாட்டு, கேளுங்கள்” என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் என்று பாருங்கள்.

அபிராமதாசன் பிறந்தார்

“படம், ‘வெள்ளிக்கிழமை விருந்தாளி’,” என்றேன் மைக்கில். “முக்கால்வாசி எடுத்து நின்றுபோன படம். வெளிவரவில்லை. பாடல், காலஞ்சென்ற கவிஞர் அபிராமதாசன்.”

என் பேட்டையின் பெயரை வைத்து எனக்கு நானே சூட்டிய பட்டம். சாகும்போதும் எனக்கு ஒரு கௌரவம் தேவைப்பட்டது.

“இசை?” மாமாவின் கை உயர்ந்தது.

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வரிசையில் நின்ற அவ்வளவு நேரத்தில் என் பெயரை மட்டும்தான் யோசித்திருந்தேன். பக்கத்தில் கீபோர்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நஸ்ரின் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம், அலுவலகம் முடிந்து வந்து, தலையில் ஹெட்போனோடு ஒவ்வொரு இடையிசையையும் ஏழு விதமாகப் போட்டுப் பார்த்தவள்.

“இசையமைத்தவர் பெயர் தெரியவில்லை,” என்றேன்.

அரங்கத்தில் ஒரு ‘த்சொ’ எழுந்தது. பெயர் தெரியாத மேதைக்கான ‘த்சொ’. அதில் பாடியவரையும் ஆண்டையும் கேட்க மாமாவே மறந்துபோனார். நஸ்ரின் முகத்தை நான் பார்க்கவில்லை. அவள் முன்னிசையைத் தொடங்க வழக்கத்தைவிட இரண்டு நொடி தாமதமானது மட்டும் தெரிந்தது.

*தூரம் என்பது நீ சொல்லும் பேச்சு*
*நேரம் என்பது நான் விடும் மூச்சு…*

இரண்டாவது வரி முடியும் இடத்தில் தணிகாசலம் யாரும் சொல்லாமலே ஒரு உருட்டு உருட்டினார் பாருங்கள், மாடிப்படியில் கோலிக்குண்டு இறங்குவது போல. எங்கள் பாட்டில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இடைவெளி. அந்த உருட்டு வந்த பிறகு, அதில்லாமல் அந்தப் பாட்டை யோசிக்க முடியவில்லை.

கைதட்டல் அடங்கவே நேரமானது. நாலாவது வரிசையில் ஒரு மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். ராமசேஷன் மாமா எழுந்து மைக்கை என்னிடமிருந்து வாங்கினார்.

“இந்தப் படம் எனக்கு ஞாபகம் இருக்கு. அடையார் பக்கம் ஷூட்டிங் நடந்தது. நான் காலேஜ் கட் அடிச்சுட்டுப் போய்ப் பாத்துண்டு நின்னேன். ஹீரோயின் மஞ்சப் புடவை. பாட்டு ரேடியோல ரெண்டு தரம் போட்டான், அப்பறம் நிறுத்திட்டான். என்ன டியூன்! இப்ப எவனாவது போடுவானா இப்படி?”

அவருக்குப் பின்னால் நின்ற ‘எவன்’ கீபோர்டின் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அடுத்து மைக் தணிகாசலத்திடம் போனது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இந்த ரிக்கார்டிங்ல பாங்கோஸ் வாசிச்சது நான்தான்பா,” என்றார்.

இவ்வளவையும் ஒருவர் செல்போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார்.

கீழே இறங்கியதும், பாத்திரக் கடை வாசலில் நஸ்ரின் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“உன் பேர எவ்ளோ அழகா சாகடிச்ச. என்னைச் சாகடிக்கக்கூட உனக்கு ஒரு பேர் கெடைக்கலயாடா?”

“மச்சி, அது ஒரு விளையாட்டு. பாட்டு ஹிட்டு பாத்தல்ல?”

“யாரோட பாட்டு?”

பதில் சொல்வதற்குள் அவள் ஆட்டோ பிடித்துவிட்டாள்.

கிடைத்தற்கரிய பாடல்!!!

ராமசேஷன் மாமா அந்த வீடியோவை இருபது குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். ‘கிடைத்தற்கரிய பாடல்!!! இன்றைய குப்பைகளுக்கு நடுவே ஒரு வைரம்! தவறவிடாதீர்கள்!’ மூன்றே நாளில் அது என் மேலதிகாரியின் மாமனார் வழியாக என் போனுக்கே வந்து சேர்ந்தது. பெருங்குடிக் குப்பைமேட்டின் வாசம் கம்பெனி வேனுக்குள் வீசும் நேரத்தில், ‘இன்றைய குப்பைகளுக்கு நடுவே’ என்பதைப் படித்தேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து நஸ்ரின் போன் செய்தாள். முதல் படம் எடுக்கும் இளம் இயக்குநர் ஒருவர், ஸ்டூடியோவுக்கு வேறு வேலையாக வந்தவர், தன் படத்தில் பழைய காலத்தில் நடக்கும் காட்சி ஒன்றுக்குப் பாட்டு தேடுவதாகச் சொல்லியிருக்கிறார். நஸ்ரின் எங்கள் மெட்டை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அவர் துள்ளிக் குதித்துவிட்டு, “இது அந்த ‘வெள்ளிக்கிழமை விருந்தாளி’ பாட்டுதானே?” என்றிருக்கிறார்.

“என்னோட பாட்டுன்னு சொன்னேன்,” என்றாள் நஸ்ரின். குரலில் கோபமே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. “சிரிச்சாரு. ‘பரவால்லங்க, நல்லா காப்பி பண்ணி வாசிக்கிறீங்க’ன்னாரு. ஸ்டூடியோ ஓனர் தனியா கூப்பிட்டு, அடுத்தவங்க டியூன சொந்தம்னு சொல்ற ஆள இங்க வச்சுக்க முடியாதுன்னு சொல்றாரு.”

மறுநாள் மதியம் விடுப்புப் போட்டுவிட்டு இயக்குநரைத் தேடி தி. நகர் போனேன். நடந்தது முழுவதையும் சொன்னேன், கழிவறை வரிசை உள்பட. அவர் பொறுமையாகக் கேட்டார்.

“ப்ரோ, நம்புறேன்னே வச்சுக்குவோம். ஆனா அந்தப் பெரியவரு நானே வாசிச்சேன்னு சொல்றாரு. செக்ரட்டரி ஷூட்டிங்க பாத்தேன்றாரு. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா?”

“அப்படி ஒரு படமே கிடையாது சார். எங்க தேடினாலும் இருக்காது.”

“வெளிவராத படம் எப்படி ப்ரோ இருக்கும்?”

நான் நெய்த வலையின் தரத்தை அப்போதுதான் முழுதாக உணர்ந்தேன். நஸ்ரின் போனில் மெட்டு பிறந்த கதை முழுக்கப் பதிவாகியிருந்தது. அவள் முனகியது, தப்பியது, மறுபடி பிடித்தது. அதையும் போட்டுக் காட்டினேன். “பழைய பாட்ட யார் வேணா முனகிப் பழகலாமே?” என்றார். கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார்: அந்த இரண்டு பெரியவர்களும், இது பழைய பாட்டு இல்லை என்று அவரிடம் சொல்லிவிட்டால் போதும்.

நான் உண்மை சொன்ன ஞாயிறு

அடுத்த கூட்டத்தில் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னேன். அபிராமதாசன் நான்தான், மெட்டு இந்த நஸ்ரினுடையது, படம் பொய் என்றேன். ஆடாமல் அசையாமல் கேட்டார்கள். பிறகு சிரித்தார்கள்.

“அசடு,” என்றார் ராமசேஷன் மாமா செல்லமாக. “நீ பொறக்கறதுக்கு முன்னாடியே நான் அந்தப் பாட்டைக் கேட்டாச்சு.”

“மாமா, சத்தியமா நான் எழுதினது.”

“அவ்ளோ நன்னா எழுதறவன் எதுக்குடா பெருங்குடில உக்காந்துண்டு கண்டவன்கிட்டத் திட்டு வாங்கிண்டிருக்கே?”

என் வரியை விட்டுவிட்டு மெட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“சரி, மெட்டு இவளோடதுன்னாவது ஒத்துக்கோங்க.”

மாமா நஸ்ரினைப் பார்த்தார். நல்ல மனிதர், அவளை நோகடிக்க விரும்பவில்லை. “கொழந்தை நன்னாத்தான் வாசிக்கறா. ஆனா அது வேற, இது வேற இல்லையோ? அந்த மஞ்சப் புடவையை நான் கண்ணால பாத்திருக்கேன்.”

மஞ்சள் புடவையோடு எப்படி வாதாடுவது? நான் அவருக்கு ஒரு பொய்யைத்தான் கொடுத்தேன். அவர் அதை ஒரு நினைவாக்கி வைத்திருந்தார். அதைத் திரும்பக் கேட்டால் அவரது கல்லூரி நாளில் ஒரு மதியம் காணாமல் போகும். அவர் அதைக் கொடுக்கத் தயாராக இல்லை.

மிச்சமிருந்தவர் தணிகாசலம். அன்றைக்கு அவர் வரவில்லை. நஸ்ரின் கீபோர்டை உறையில் போட்டபடி, “நாளைக்கு நான் அவர் வீட்டுக்குப் போறேன். நீ வரலாம். வாயத் தொறக்கக் கூடாது,” என்றாள்.

பெரும்பாக்கம், ஆறாவது மாடி

தணிகாசலத்தின் குடும்பம் முன்பு அடையாற்றங்கரையில் இருந்தது. கரையோர வீடுகளை இடித்தபோது எல்லோரையும் பெரும்பாக்கம் அடுக்குமாடிக்கு அனுப்பினார்கள். இரண்டு பஸ் மாறிப் போனோம். லிப்ட் ஓடவில்லை. எழுபது தாண்டிய மனிதர் ஒவ்வொரு இரண்டாவது ஞாயிறும் பாங்கோஸைத் தூக்கிக்கொண்டு இந்த ஆறு மாடியும் இறங்கி ஏறுகிறார் என்பது மூன்றாவது மாடியில் எனக்கு மூச்சு வாங்கியபோது புரிந்தது.

“வா நைனா, வாம்மா. இன்னா இவ்ளோ தொலைவு வந்துகினீங்க? குந்துங்க.”

நஸ்ரின் சுற்றி வளைக்கவில்லை. ஸ்டூடியோவில் நடந்ததைச் சொன்னாள். வேலை போகும் நிலையில் இருக்கிறது என்றாள். அவர் கடைசி வரை கேட்டார். பிறகு பாங்கோஸை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வாசிக்கவில்லை, சும்மா தடவிக்கொண்டிருந்தார்.

“நான் அந்த ரிக்கார்டிங்ல வாசிச்சேன்மா.”

“அங்கிள், அப்படி ஒரு ரிக்கார்டிங்கே நடக்கல.”

“எத்தினி பாட்டுக்கு வாசிச்சிகிறேன் தெரியுமா? காலைல போவேன், வாசிப்பேன், வந்துடுவேன். இன்னா படம், யாரு ஹீரோ, ஒண்ணும் தெரியாது. படம் வந்தா போய்ப் பாப்பேன். டைட்டில்ல எல்லார் பேரும் ஓடும். டீ குட்த்தவன் பேர்கூட ஓடும். என் பேரு கீதான்னு பாப்பேன். ஒண்ணுத்துலயும் கெடையாது.” என்னைக் கைகாட்டினார். “இந்தத் தம்பி வந்து, யாருமே பாக்காத படம், யாரு வாசிச்சதுன்னே தெரியாத பாட்டுன்னு சொல்லிச்சு. சரி, இதுலயாவது நம்ம பேரு இருக்கட்டுமேன்னு பூந்துகினேன். யாருக்கு இன்னா நஷ்டம்?”

“எனக்கு,” என்றாள் நஸ்ரின்.

அவர் நிமிர்ந்தார்.

“உங்க பேர் டைட்டில்ல இல்லைன்னு நாப்பது வருஷமா சொல்லிட்டிருக்கீங்க அங்கிள். என் பேரையும் இப்ப அதே மாதிரி எடுத்துட்டாங்க. இவன் எடுத்தான்.” என் பக்கம் திரும்பக்கூட இல்லை. “நீங்களும் கூடச் சேந்து எடுத்தீங்க.”

அடுத்த வீட்டில் யாரோ மிக்சி ஓட்டினார்கள். வாயைத் திறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. வார்த்தைக்காரன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறவன், முதல்முறையாக ஒரு வார்த்தைகூட வேண்டாமென்று உட்கார்ந்திருந்தேன்.

“அந்த உருட்டு,” என்றார் தணிகாசலம் மெதுவாக. “ரெண்டாவது லைன் முடிஞ்சி வர்றது. அதாவது நான் போட்டதுதானே?”

“அது நீங்க போட்டதுதான். நான் அங்க காலி விட்டிருந்தேன். நீங்க போட்டப்புறம்தான் அது பாட்டாச்சு.”

“அப்போ அத்த மட்டும் எனுக்கு வச்சுக்கவா?”

“ரெக்கார்ட் பண்ணும்போது நீங்கதான் வாசிக்கணும். பாங்கோஸ், தணிகாசலம்னு போடுவேன். பொய் ரிக்கார்டிங்க விட்டுடுங்க. நெஜமா ஒண்ணு தர்றேன்.”

அவர் போனை எடுத்து மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, “யாருக்குப் போடணும், நம்பரச் சொல்லு,” என்றார்.

இயக்குநரிடம் நாலே வரி பேசினார். “சார், நான் பாங்கோஸ் தணிகாசலம் பேசறேன். நான் சொன்னது டூப்பு. படமும் டூப்பு. டியூன் இந்தப் பொண்ணுது.” வைத்துவிட்டார். மாமாவின் மஞ்சள் புடவையைவிட அந்தப் பேச்சில் கனம் இருந்தது. இழப்பதற்கு ஒன்று வைத்திருந்த மனிதர் பேசியது அது.

சனிக்கிழமை மதியம்

கதை இங்கே இனிப்பாக முடிய வேண்டும். முடியவில்லை.

இயக்குநர் இரண்டு நாள் கழித்து நஸ்ரினைக் கூப்பிட்டார். அவளை நம்புவதாகவும், மன்னிப்புக் கேட்பதாகவும் சொன்னார். ஸ்டூடியோ முதலாளிக்கும் போன் செய்து சொல்லிவிட்டார். வேலை தப்பியது. பிறகு தயங்கித் தயங்கி இதையும் சொன்னார்: “காணாமப் போன பழைய பாட்டக் கண்டுபுடிச்சோம்னா அதுவே ஒரு விளம்பரம்ங்க. புதுசா செஞ்ச பழைய பாட்டுன்னா… ஆடியன்ஸ் கனெக்ட் ஆக மாட்டாங்க.”

ஆக, பாட்டு அதே பாட்டு. செத்தவர் எழுதினால் வைரம். உயிரோடு இருக்கும் பெண் மெட்டமைத்தால் ‘கனெக்ட்’ ஆகாது. ராமசேஷன் மாமாவுக்கும் அவரைவிட நாற்பது வயது குறைந்த இந்த இயக்குநருக்கும் ரசனையில் ஒரு நூல் வித்தியாசம் இல்லை என்பதை இந்தத் தொடர் வழியாகப் பதிவு செய்கிறேன்.

இன்னொன்றையும் பதிவு செய்கிறேன். மைக்கில் சொன்னபோது சிரித்தவர்களில் பலர் இந்த வார இதழின் வாசகர்கள். அச்சில் வந்தால் நம்புவார்கள். ‘தூரம் என்பது’ பாட்டுக்கு இசை நஸ்ரின். பாங்கோஸ் தணிகாசலம். கவிஞர் அபிராமதாசன் என்று எவரும் இல்லை, இருந்ததுமில்லை, நல்லவேளை.

நஸ்ரின் என்னோடு பழையபடி பேச ஆரம்பித்து ஒரு வாரம் ஆகிறது. பேச்சு என்றால், பெரும்பாலும் வசவு. நேற்று மாலை லஸ் முனையில் சாத்துக்குடி ஜூஸ் கடையில் நின்றுகொண்டு சொன்னாள்:

“சனிக்கிழமை மதியம் ஸ்டூடியோ ரெண்டு மணி நேரம் சும்மா இருக்கு. ஓனர் தர்றேன்னுட்டாரு. அங்கிள் வர்றாரு. நம்ம பாட்ட நாமே பண்றோம். நாமே போடறோம்.”

“சூப்பர் மச்சி! வரி ரெடியாத்தானே இருக்கு.”

“அங்கதான் இருக்கு சிக்கல். ரெண்டாவது சரணத்த எடுத்துப் பாரு. நிலா, தென்றல், தோணி. தோணில ஏறியிருக்கியாடா நீ?”

“அது… அந்தக் காலத்து ஸ்டைல்ல…”

“என் மெட்டு பழசு இல்ல. நாலரை நிமிஷம் ஓடுது, அவ்ளோதான். நீதான் அதுக்குப் பல்செட்டு மாட்டி விட்டுட்ட. சரணம் வேணும். ரெண்டுமே வேணும். ஆனா நம்ம வயசுல எழுது.”

சொல்லிவிட்டு என் டம்ளரில் மிச்சமிருந்ததையும் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

இன்று வியாழன். தோணியை அடித்துவிட்டேன். தென்றலையும் நிலாவையும் அடித்துவிட்டேன். அடித்த பிறகு பார்த்தால் சரணத்தில் ‘உன்’ என்ற ஒரு சொல்தான் மிச்சம் நிற்கிறது. பெருங்குடியிலிருந்து திரும்பும் வேனில், சிக்னலில் நின்று நின்று, அதற்கு அடுத்த சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறேன். மெட்டு அங்கே ஏழு அசை கேட்கிறது. இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.